ஓங்கி மிதிக்கிறவர்கள்

அக்காவின் கார் மூன்றாவது முறையாக என் ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காரின் மேல் இல்லை. அது பாவம், நான் எதைக் கழற்றினாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. கோபமெல்லாம் அக்காவின் மேல்தான். நான்கு மாதமாக அவளுக்கு ஒரே பாட்டு. "பிரேக் இறங்குதுடா." அவள் வீட்டுக்குப் போகிறபோது நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தால் பெடல் கல் மாதிரி நிற்கும். ஒரு நூல்கூட இறங்காது. கீழே இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, "எங்கக்கா இறங்குது?" என்று கேட்பேன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே பாட்டு.

நான் இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வண்டி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வண்டியைக் கொண்டுவருகிறவர்கள்தான் சொல்வார்கள். "சும்மாதான் சார் நின்னுட்டிருந்தது, தானா இடிச்சிடுச்சு" என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார்கள். அதனால் யார் என்ன சொன்னாலும் காதில் பாதிதான் வாங்குவேன். சொந்த அக்கா என்றால் கால்வாசி.

அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். டாக்டர்கள் ரவுண்டு வருவதற்குள் வார்டு வார்டாகப் போய் எடுத்து முடிக்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே அங்கே இருப்பாள். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அந்தக் கார் இருப்பதால்தான் அவளுக்கு அந்த வேலை இருக்கிறது. அவளுக்கு மென்மையான கை. ஊசி பார்த்தாலே மயங்கி விழுகிற ஆட்கள்கூட, "அந்த அம்மா வரட்டும், அவங்க குத்தினா தெரியாது" என்று கையை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முப்பது வருடமாக அவளுக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான்.

கார், கியர் மாற்றாமலே ஓடுகிற வகை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே தானாக முன்னால் நகரும். இரண்டு மாதத்துக்கு முன் சிக்னலில் அப்படித்தான் நகர்ந்துபோய் முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தை முத்தமிட்டது. "கால பிரேக்லதான்டா வச்சிருந்தேன். பெடல் அது பாட்டுக்கு உள்ள போயிடுச்சு" என்றாள் அக்கா. நான் பிரேக் பேட் மாற்றினேன், முன் சக்கரத்து ஹோஸ் இரண்டையும் மாற்றினேன், பிரேக் குழாயில் மாட்டியிருக்கக்கூடிய காற்றை எடுத்தேன். போன வாரம் ஆஸ்பத்திரி வாசல் சரிவில் அவள் பிரேக்கை அழுத்தி நிறுத்தியிருந்த கார் மெல்ல உருண்டு போய்க் குறுக்குக் கம்பியை வளைத்துவிட்டது. வாட்ச்மேன் குதித்துத் தப்பித்தார். தப்பித்தவர் சும்மா இருந்தாரா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தூங்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாராம்.

அன்று மாலை மாமா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அக்காவின் கணவர், பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியர். எதையும் விசாரித்துத்தான் முடிவு செய்வார். முடிவு செய்துவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்றமாட்டார். வண்டி விஷயத்தில் அவருக்கு என் வார்த்தைதான் கடைசி. "மச்சான், நீ சொல்லு. வண்டில கோளாறா, இல்ல இவகிட்டயா?"

ஹாலில் அவருடைய அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். "வண்டில ஒண்ணும் இல்ல மாமா. ஓட்டற ஆள்கிட்டதான் இருக்கு" என்றேன். எனக்கு இயல்பாகவே பெரிய குரல். சமையலறையில் அக்கா திறந்துவிட்டிருந்த தண்ணீர்க் குழாய் சட்டென்று நின்றது.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கண் டெஸ்ட், சுகர் டெஸ்ட், காது டெஸ்ட் எல்லாம் நடந்தது. ஊருக்கே ரத்தம் எடுக்கிறவள், இன்னொருத்தி முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதனால் மாமாவுக்கு வயதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. ஐம்பத்தொரு வயதுக்கு இனி ஓட்ட வேண்டாம், வண்டியை விற்றுவிடலாம், லேபை விட்டுவிட்டுப் பகலில் ரெக்கார்டு அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடு என்றார். பஸ்ஸில் போய் ஃபைல் அடுக்கலாம். அக்கா சண்டை போடவில்லை. "கடைசியா ஒரு தடவ தம்பி பாக்கட்டும். அவன் ஒண்ணும் இல்லன்னு சொன்னா திங்கட்கிழமை குடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கடைசித் தடவைதான் இந்தச் சனிக்கிழமை.

காலை எட்டு மணிக்கு நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். என்னிடம் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கக்கூடாது என்ற வெறி. எங்கேயாவது பிரேக் ஆயில் கசிந்தால்தானே பெடல் இறங்கும்? ஒவ்வொரு சக்கரமாகக் கையை விட்டுத் துழாவினேன். ஈரம் இல்லை. பைப் முழுக்க விளக்கு அடித்துக்கொண்டே போனேன். இல்லை. உள்ளே பெடலுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கி மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பழைய பிஸ்கட் வாசனைதான் வந்தது. முன்னால் பானட்டுக்கு அடியில் இருக்கிற ஆயில் டப்பாவைப் பார்த்தேன். நான் நிரப்பிய கோட்டில், நிரப்பிய அளவில், அப்படியே இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை குறைந்திருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆயில் குறையவில்லை என்றால் ஆயில் எங்கேயும் போகவில்லை. எங்கேயும் போகவில்லை என்றால் பெடல் ஏன் இறங்குகிறது? இறங்கவில்லை. அக்கா பொய் சொல்கிறாள். இல்லை, பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கே தெரியாமல் காலை எடுத்துவிடுகிறாள். இதை நான் எனக்குள் நான்கு தடவை சொல்லிக்கொண்டேன். நான்கு தடவையும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுடைய முகம் கண் முன்னால் வந்து வந்து எரிச்சலை ஏற்றியது.

குழாய்க்குள் எங்கேயாவது காற்று மாட்டியிருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதையும் பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கடையிலிருந்து அரைடன்னைக் கூப்பிட்டேன். அவன் வெல்டிங் வேலை செய்கிறவன். உடம்பைப் பார்த்தால் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து, அங்கே இருக்கிற நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட்டு, மூட வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்னால் இந்தக் காருக்கு முதன்முதலாக ஆயில் மாற்றியபோதும் மிதித்தது அரைடன்தான். சிக்னல் விவகாரத்துக்குப் பிறகும் அவன்தான்.

"இன்னுமாண்ணே இந்த வண்டி?" என்றபடி ஏறி உட்கார்ந்தான். சீட்டு முனகியது.

"மிதி!"

மிதித்தான். பாம்பை மிதிக்கிறவன் மாதிரி மிதித்தான். நிப்பிளைத் திறந்ததும் பெடல் தரையில் போய் 'டங்' என்று இடித்தது. சுத்தமான ஆயில் வந்தது. ஒரு குமிழிகூட இல்லை. மறுபடியும் மிதி, மறுபடியும் டங். நான்கு சக்கரத்திலும் இதே கதை. கடைசியில் நானும் உட்கார்ந்து ஓங்கி மிதித்தேன். கல். சக்கரங்களைப் பூட்டித் தெருவில் ஓட்டிப் போய் அறுபதில் சட்டென்று மிதித்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. என் சட்டைப் பையில் இருந்த ஸ்பேனர்தான் பறந்து போய்க் கண்ணாடியில் இடித்தது.

திரும்பி வந்து வாசலில் நிறுத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். அரைடன் சிரித்தான். "கோளாறு இல்லாத வண்டிய ரிப்பேர் பண்ணச் சொன்னா யாராலண்ணே முடியும்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறு கண்டுபிடித்திருந்தால் எரிச்சல் தீர்ந்திருக்கும். கண்டுபிடிக்காததால் ஒரு நிம்மதியும் வந்தது பாருங்கள், அந்த நிம்மதிதான் எனக்கே பிடிக்கவில்லை. நான் ஹாலில் சொன்னது சரியாகப் போய்விட்டது. அக்கா இனி பஸ்ஸில் போவாள்.

பன்னிரண்டரைக்கு அக்கா வந்தாள். விடியற்காலையில் ஆட்டோவுக்குக் காசைக் கொட்டிக் கொடுத்துப் போனவள், டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வந்திருந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை. தோள்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து என் ஒர்க் பெஞ்சில், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். மாற்றல் கேட்கிற கடிதம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"என்னடா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. நாலு வீலையும் கழட்டிட்டேன். எங்கயும் லீக் இல்ல, காத்து இல்ல. அறுபதுல மிதிச்சு நிறுத்திப் பாத்துட்டேன். இதுக்கு மேல நான் தலகீழா நின்னாலும் இல்லாத கோளாற எங்கேருந்து கொண்டு வர்றது?"

அவள் தோள்பையை ஸ்டூலில் வைத்தாள். பிறகு, "நீ ஆயில் மாத்தினதுலேர்ந்துதான்டா இப்படி" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குப் பொறுமை கெட்டுப் போயிற்று. "ஆமா! புது ஆயில் ஊத்தினதும் பிரேக் கெட்டுப்போச்சு! சாப்பிட்டதும் பசி எடுத்துச்சு! யார் காதுல பூ சுத்தறக்கா? நீ கவனமில்லாம கால எடுத்துட்டு என் மேல பழி போடறியா?"

அரைடன் தன் கடைக்கு நழுவிவிட்டான். அக்காவின் கண் கலங்கியது. கலங்கினாலும் குரல் கலங்கவில்லை. "சரிடா. நான் கவனமில்லாதவ. என் கண் முன்னால ஒரு தடவ மிதிச்சுக் காட்டு. பாத்துட்டுப் போறேன்."

"நான் எதுக்கு? நீயே உக்காந்து மிதி. இறங்குதா பாப்போம்!"

வீம்புக்குத்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான்கு மாதத்தில் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருக்கிறேனா? மூன்று தடவை வண்டி வந்தது. மூன்று தடவையும் சாவியை வாங்கிக்கொண்டு அவளைப் போகச் சொன்னேன்.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். அரைடன்னுக்காகப் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னால் இழுத்தாள். பெல்ட் போட்டாள், நிற்கிற வண்டிக்குப் பெல்ட்! இஞ்சினை ஸ்டார்ட் செய்து காலை பிரேக்கில் வைத்தாள். நான் திறந்த கதவுக்குப் பக்கத்தில் குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிதிக்கா."

"மிதிச்சிருக்கேன்."

"இதுவா மிதிக்கறது? ஓங்கி மிதி."

"சிக்னல்ல யாராவது ஓங்கி மிதிப்பாங்களாடா? நின்ன வண்டி நிக்கணும், அவ்ளோதானே. இப்படித்தான் வச்சிருப்பேன்."

நான் இன்னும் குனிந்தேன். அவள் பாதம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழுத்தவில்லை. கால் விரல்கள்கூட அசையவில்லை. செருப்புக்கு அடியில் பெடல் மட்டும் சத்தமில்லாமல், அவசரமே இல்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது. பத்து எண்ணுவதற்குள் கார்ப்பெட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்துவிட்டது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. கத்தவில்லை. வார்டில் தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரல்.

"கால எடு. திரும்ப வை." திரும்ப வைத்தாள். திரும்ப இறங்கியது. அவளை இறங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். மிதித்தேன். கல். என் காலுக்கு மெதுவாக அழுத்தத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறங்கி மண்டிபோட்டு, பெடலில் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி அழுத்தினேன். பெடல் கையோடு வந்தது.

ஓங்கி மிதித்தால் நிற்கிறது, மெல்ல அழுத்தினால் இறங்குகிறது. பானட்டுக்கு ஓடினேன். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, "மறுபடி வைக்கா, உன் மாதிரியே வை" என்றேன். விளக்கு அடித்துப் பார்த்தேன். டப்பாவுக்குள் ஆயில் லேசாகச் சுழன்றது, அடியிலிருந்து யாரோ ஊதுகிற மாதிரி. ஆயில் வெளியே எங்கேயும் போகவில்லை. சக்கரத்துக்குப் போக வேண்டியது, போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அப்புறம் டப்பாவில் எப்படிக் குறையும்?

"மாஸ்டர் சிலிண்டர்" என்றேன்.

"அப்படின்னா?"

"பெடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறது. நீ மிதிச்சா உள்ள ஒரு தண்டு போய் ஆயிலத் தள்ளும். ஆயில் பின்னால வராம இருக்க தண்டுல ரப்பர் வாஷர் போட்டிருக்கும். அந்த வாஷர் போச்சு. ஆனா ஓங்கி மிதிச்சா ஏன் நிக்குதுன்னுதான்..."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரத்தம் எடுத்துட்டு பஞ்சு வைப்போம்ல. சில பேர் சும்மா பேருக்கு வச்சிருப்பாங்க, ஓரத்துல கசிஞ்சுட்டே இருக்கும். நல்லா அழுத்திப் பிடிங்கன்னு சொன்னா நின்னுடும். அது மாதிரியா?"

அது மாதிரிதான். ஓங்கி மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தமே வாஷரின் ஓரத்து உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. மெல்ல அழுத்தினால் உதடு விரிவதில்லை, ஓரத்தில் கசிகிறது. எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்திருக்க வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கிவர ஒரு மணி நேரம். பழையதைக் கழற்ற அரை மணி நேரம். பேசாமல் அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. பெஞ்சில் வைத்துப் பிரித்தேன். இரண்டு வாஷரின் உதட்டிலும் நீளநீளமாகக் கீறல், பூனை பிராண்டிய மாதிரி. விளக்கைச் சிலிண்டர் குழாய்க்குள் அடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி தூரம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கடைசிக் கால்வாசியில் வளையம் வளையமாகத் துரு.

ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டினேன், துருத்தூள் உதிர்ந்தது.

தினமும் ஓட்டுகிறபோது பெடல் பாதிக்குமேல் போகாது. அதனால் தண்டும் கடைசிக் கால்வாசிக்குப் போகாது. கார் வாங்கிய ஒன்பது வருடமாக யாரும் போகாத அந்த இடத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கிறது. பெடல் தரையைத் தொட்டால்தான் வாஷர் அதில் போய் உரசும். இந்தக் காரின் பெடல் எப்போது தரையைத் தொட்டது? நான் கீழே படுத்துக்கொண்டு "மிதி!" என்று கத்த, மேலே அரைடன் டங், டங் என்று மிதித்தபோது. முதல் தடவை ஆயில் மாற்றியபோது. இறங்குகிறது என்று சொன்ன பிறகு, சரி செய்கிறேன் என்று இரண்டாம் தடவை. இன்று காலை மூன்றாம் தடவை. நான் வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் வளர்ந்திருக்கிறது.

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பழைய வண்டிக்குக் காற்று எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைப்பார்கள், தரை வரை போகாமல் இருக்க. அந்தக் கட்டை என்னிடம் இருக்கிறது. நாலு வருடமாக அது என் ஒர்க்‌ஷாப் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"என்னடா பாக்கற?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. பழசாயிடுச்சு. தேஞ்சிருக்கு."

பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. தேய்ந்துதான் இருந்தது. அவளும் "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். குழாயையும் தண்டையும் ஒரு துணியில் சுற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தள்ளினேன்.

புதியதைப் பூட்டி முடித்ததும் காற்று எடுக்க வேண்டும். மிதிக்க ஆள் வேண்டும். அரைடன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "வரட்டாண்ணே?" என்றான். "வராத!" என்று கத்தியதில் பயந்து உள்ளே போய்விட்டான். அக்காவை உட்கார வைத்தேன். கதவடியில் இருந்த கட்டையை எடுத்துத் தூசி தட்டி, பெடலுக்குக் கீழே வைத்தேன்.

"இது எதுக்குடா?"

"சும்மா. பெடல் ரொம்ப கீழ போகாம இருக்க."

"போனா என்ன ஆகும்?"

நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி திரும்பினேன். அவள் விடவில்லை. ரத்தக் குழாய் கிடைக்காத கையில் பொறுமையாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறவள் அவள்.

"உன்னத்தான் கேக்கறேன். கீழ போனா என்ன ஆகும்?"

"வாஷர் கீறிடும்."

"மொத தடவ ஆயில் மாத்தினப்ப இந்தக் கட்ட வச்சியா?"

நான் கட்டையைப் பெடலுக்கு அடியில் நேராக நகர்த்தினேன்.

"வைக்கல."

"ரெண்டாவது தடவ?"

"இல்லக்கா. இன்னிக்குக் காலையிலயும் வைக்கல. நான்தான் கெடுத்தேன். நீ சொன்னது சரி. ஆயில் மாத்தினதுலேர்ந்துதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். "நானே நம்பிட்டேன்டா" என்றாள். "கால எடுத்துட்டேன் போலிருக்கு, மூளையில ஏதோ ஆயிடுச்சு போலிருக்குன்னு. ஒரு வாரமா ஊசி போடறப்ப கை நடுங்குது. நேத்து ஒரு பொண்ணுக்கு ரெண்டு தடவ குத்த வேண்டியதாப் போச்சு. முப்பது வருஷத்துல நான் ரெண்டு தடவ குத்தினதில்ல."

"மன்னிச்சுடுக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். "மொதல்ல வேலைய முடி" என்றாள்.

அவள் மெல்ல அழுத்திப் பிடிக்க, நான் கீழே படுத்துத் திறந்து மூடினேன். கத்தவில்லை. "வைக்கா" என்றேன், "எடுக்கா" என்றேன். நான்கு சக்கரமும் முடிந்து எழுந்தபோது பானட் ஓரத்தில் ஆயில் சிந்தியிருந்ததைப் பார்த்தேன். உடனே துடைக்காவிட்டால் பெயிண்டைத் தின்றுவிடும். வேஸ்ட் துணியைத் தேடினேன். அக்கா இறங்கி வந்து, பெஞ்சிலிருந்த கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இதுல துடை."

துடைத்தேன். மாமா சரிபார்த்துத் திருத்திய நல்ல தமிழ், அவளுடைய கையெழுத்து, எல்லாம் ஆயிலில் ஊறிக் கசங்கிப் போயிற்று.

"இப்ப உங்க மாமாக்கு போன் போடு."

போட்டேன். மாமா முதல் மணியிலேயே எடுத்தார். "மாமா, வண்டிய பாத்தேன். வந்து... மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு கோளாறு..." என்று முணுமுணுத்தேன்.

"அப்படியா? பழைய வண்டி மச்சான், தேயறது சகஜம்தானே. உன் மேல என்ன தப்பு" என்றார் அவர். எவ்வளவு நல்ல மனுஷன். எனக்காகவே கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"அன்னிக்கு ஹால்ல இந்தக் குரல்லயாடா சொன்ன?"

குழாயை மூடினாள். தண்ணீர் நின்றது.

நான் வாசலுக்கு வந்து நின்றேன். "மாமா, போன ஸ்பீக்கர்ல போடுங்க. உங்க அண்ணன், அண்ணி இருக்காங்களா? இருந்தா கூப்பிடுங்க" என்றேன். பிறகு தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். "அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவ கால பிரேக்லதான் வச்சிருந்தா. வண்டியக் கெடுத்தது நான். கட்ட வைக்காம மிதிக்க வச்சு, மூணு தடவ கெடுத்தேன். அவ நாலு மாசமா சொன்னா, நான் ஒரு தடவகூட கேக்கல. ஓட்டற ஆள்கிட்ட கோளாறுன்னு சொன்னேன்ல, அது பொய் மாமா."

அரைடன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்து பார்த்தான். பிறகு மாமா, "அவகிட்ட குடு" என்றார். நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"வீட்டுக்கு வந்து பேசறேன்னு சொல்லு. நானே ஓட்டிட்டு வரேன்னும் சொல்லு."

சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கு முகமும் இல்லை. கார் மெல்ல நகர்ந்து வாசலுக்குப் போனது. எங்கள் வாசல், தெருவைப் பார்த்துச் சரிவாக இறங்கும். அந்தச் சரிவின் நடுவில், தெரு காலியாக இருந்தும், அக்கா நிறுத்தினாள். பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. எப்படி அழுத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சக்கரத்தையே பார்த்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. சக்கரம் நகரவில்லை. இன்னொரு நிமிடம். அவள் காலை எடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று, உள்ளே வரக் காத்திருந்த ஒரு வேன்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். ஜன்னலில் தலையை நீட்டி, "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றான்.

நான் ஓடிப்போய் அவன் வேனுக்கு முன்னால் நின்றேன்.

"இருய்யா!" என்று கத்தினேன். "அவங்க பிரேக் பாத்துட்டிருக்காங்க. பாத்து முடிச்சுட்டு எடுப்பாங்க."